முந்தி யார், பிந்தி யார்

(சோம்ஜின் ஆற்றங்கரையில், பேத்னாரு ஊர் முதியோர் மன்ற முற்றத்தில், மேங் தல்சு - சோன் புன்னே இணையரின் அறுபதாம் ஆண்டு மறுமணத்தன்று பேசியது)

அவைக்குத் தலைமை ஏற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட ஊர்த்தலைவர் குக் இல்சோப் அவர்களே. இரவல் வாங்கிய நீலப் பட்டங்கியிலும் இளமை குன்றாமல் நிமிர்ந்து நிற்கும் மணமகன் மேங் தல்சு ஐயா அவர்களே. கன்னத்திலும் நெற்றியிலும் சிவப்புப் பொட்டு வைத்துச் சக்கர நாற்காலியைச் சிம்மாசனமாக்கி அமர்ந்திருக்கும் மணமகள் சோன் புன்னே அம்மா அவர்களே. உல்சான் கப்பல் பட்டறையிலிருந்து விடுப்பெடுத்து வந்து இந்த விழாவை எடுக்கும் மகன் கிஹோ அவர்களே. மாவட்ட நலவாழ்வு அலுவலர் யோம் சூமி அவர்களே. விடியலிலிருந்து ஆற்றுச் சிப்பியை அலசி அலசிக் கை மரத்துப்போய் அடுப்படியில் நிற்கும் தாய்மார்களே. அரிசிக் கள் பானைக்கு அருகில் அமைதியாக இடம்பிடித்து, அங்கிருந்து அசைய மறுக்கும் பெரியவர்களே. அனைவருக்கும் தாக் ஹேரானின் தாழ்மையான வணக்கம்.

நான் மேடைக்குப் பழகியவள் அல்ல. எண்களோடு பழகியவள். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பிப்பவள். வாழ்த்துரை என்றால் ஒதுங்கி நிற்பவள். பிறர் சொல்வதை உடனே நம்புவதில்லை. நான் சொல்வதைக்கூட இரண்டாம் முறை சரிபார்த்த பிறகே நம்புவேன். இப்படிப்பட்ட ஒருத்தியை ஒரு மணவிழாவில் பேச அழைத்தது யார் குற்றம் என்று நீங்கள் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேடை ஏறுவதற்குச் சற்று முன் நம் தலைவர் என்னை ஓரமாக அழைத்தார். "டீச்சரம்மா, கல்யாண வீடு இது. அந்த வார்த்தையை மட்டும் வாயில எடுத்துடாதீங்க" என்றார். எந்த வார்த்தை என்று கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. நான்கு விரலை நீட்டிக் காட்டினார்.

நம் மொழியில் நாலைக் குறிக்கும் சொல்லும் 'சா', சாவைக் குறிக்கும் சொல்லும் 'சா'. எண்ணுக்கும் ஒரே ஒலி, எமனுக்கும் ஒரே ஒலி. வார்த்தையைச் சொல்லாமல் சொல்ல நம் தலைவருக்கு விரல்கள் இருந்தன. எனக்கு அந்த வசதி இல்லை. ஏன் தெரியுமா? என்னை இந்த ஊருக்கு அழைத்துவந்ததே அந்த வார்த்தைதான். இந்த மணமக்களை ஒரு திங்கட்கிழமை பிரிக்கப் பார்த்ததும் அந்த வார்த்தைதான். அதை ஒளித்துவைத்துவிட்டு இவர்களை வாழ்த்தினால், அது வெறும் வாய் வாழ்த்தாகப் போய்விடும். ஆகவே சொல்லப்போகிறேன். மணமக்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மணமகள் சொன்னார்: "தாராளமா சொல்லுங்க. நான் என்ன கேக்காத சொல்லா."

அதோ, பானைக்கு அருகில் யாரோ இருமுகிறார். ஐயா, இருமி என்னை நிறுத்த முடியாது. வகுப்பறையில் இருபது ஆண்டுகள் இருமல் கேட்டவள் நான்.

அன்பர்களே, அந்த வார்த்தைக்கு நாம் உண்மையிலேயே பயப்படுகிறோமா? இன்று காலை இந்த முற்றத்துக்குள் நுழைந்தேன். அடுப்படியில் ஒரு தாய் சொல்கிறார், "இந்த வெக்கையில சாகுறேன்." பந்தல் கட்டுகிறவர் சொல்கிறார், "பசியில சாகுறேன்." மணமகளின் தங்கை பொட்டு வைத்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார், "அழகுடி அக்கா, பார்த்தே செத்துப்போயிடுவேன்." வெயிலில் சாகிறோம், வேலையில் சாகிறோம், சிரிப்பில் சாகிறோம், சந்தோஷத்தில் சாகிறோம். நாள் முழுவதும் செத்துச் செத்து, மாலையில் நலமாக வீடு திரும்புகிறோம். ஆனால் ஒருவர் உண்மையிலேயே போய்விட்டால்? அப்போது மட்டும் நம் ஊரில் யாரும் சாவதில்லை. 'திரும்பிப் போயிட்டார்' என்கிறோம். வந்த இடத்துக்கே திரும்பினார் என்று அவ்வளவு மெதுவாகச் சொல்கிறோம்.

இப்படிப் பேசுகிற மக்களிடம் வந்து, 'சாவைப் பற்றி உங்கள் மனப்பான்மை என்ன, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் எப்படி இருக்கும்?

கேட்டார்கள். சென்ற இலையுதிர் காலத்தில் கேட்டார்கள்.

உங்களுக்கு நினைவிருக்கும். மாவட்டத்தின் முதியோர் எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் வந்தது. வேறொரு நாட்டில் பிறந்து, தலைநகரில் மொழிமாறி, நம் ஆற்றங்கரைக்கு வந்த தாள். வாக்கியத்தைப் படித்து, அறவே ஒப்பவில்லை என்றால் ஒன்று, முழுமையாக ஒப்புகிறேன் என்றால் ஐந்து; இடையில் இரண்டு, மூன்று, நான்கு. தாளை ஆக்கியவர்கள் வேறு, கேட்டவர்கள் வேறு. வந்து குவிந்த எண்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டுமே என் வேலை.

பார்த்தேன். பேத்னாருவின் எண்களில் நான்கே இல்லை.

ஒன்று இருந்தது, இரண்டு இருந்தது, மூன்று இருந்தது, ஐந்து ஏராளமாக இருந்தது. நான்கை மட்டும் யாரோ களை பிடுங்கியது போல் பிடுங்கியிருந்தார்கள். ஆய்வுக் கூட்டத்தில் ஒரு நிபுணர் விளக்கம் சொன்னார். ஆற்றங்கரை மக்கள் உணர்ச்சிவசப்பட்டவர்களாம். மிதமான கருத்து அவர்களுக்குக் கிடையாதாம். மூன்றிலிருந்து ஒரே தாவாக ஐந்துக்குத் தாவுகிறார்களாம். அவர் மெத்தப் படித்தவர். அந்தக் கட்டிடத்து லிஃப்டில் நாலாம் மாடிப் பொத்தானில் எண் கிடையாது. ஓர் ஆங்கில எழுத்துதான் இருக்கிறது. அந்தப் பொத்தானை அழுத்தித்தான் அவர் அன்று காலை கூட்டத்துக்கு வந்திருந்தார்.

சிரிக்கிறீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை. எண்ணை விளக்குவதற்கு முன் ஆளைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பேருந்து ஏறி இங்கே வந்தேன். இதே மன்றத்தின் சூடேற்றிய தரையில் உட்கார்ந்து, பூண்டு உரித்துக்கொண்டிருந்த தாய்மார்களிடம் கேட்டேன். பதில் சொன்னவர் அதோ அடுப்பங்கரைக் கதவருகில் நிற்கும் ஹாதோங்காரம்மா. ஹாதோங்கில் பிறந்து இங்கே வாழ வந்தவர். "ஏம்மா, சாவைப் பத்திக் கேக்குற தாள்ல போயி நாலு போடுவாங்களா? வெளங்குமா?" என்றார். அப்படியானால் என்ன செய்தீர்கள் என்றேன். "மூணு போட்டா அரைமனசுன்னு நினைச்சுப்பீங்க. பாவம், அம்புட்டு தூரம் வந்து கேக்குறீங்க. அதான் தாராளமா அஞ்சு போட்டேன்."

பாருங்கள். ஒரு முக்கால் அளவு சம்மதம், மரியாதை கலந்து, முழுச் சம்மதமாகிவிட்டது. அளவுகோல் மேல் பிழையில்லை. மக்கள் மேல் பிழையில்லை. இரண்டும் சந்தித்த இடத்தில் பிழை பிறந்தது. சரி, எண்ணை எடுத்துவிட்டுச் சொல்லைப் போட்டால் அது தீர்ந்துவிடும். தீர்ந்தும் விட்டது. நானும் ஊர் திரும்பி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை யோம் சூமி அவர்கள் எனக்குத் தொலைபேசியில் பேசினார்.

இங்கே நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் கெட்டவர் யாரும் இல்லை.

ஒரே வீட்டிலிருந்து இரண்டு தாள்கள். கணவர் மேங் தல்சு. மனைவி சோன் புன்னே. பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டவர். கணவர்தான் குளிப்பாட்டுகிறார், ஊட்டுகிறார், புரட்டிப் படுக்கவைக்கிறார். கணவரின் தாளில், 'முந்திச் சாவதே நல்லது' என்ற வாக்கியத்துக்கு எதிரே ஐந்து. 'சாவுக்கான ஏற்பாடுகள் முடிந்துவிட்டன' என்பதற்கு எதிரே ஐந்து. மனைவியின் தாளில், 'சாவை நினைத்தால் பயமாக இருக்கிறது' என்பதற்கு எதிரே ஐந்து. அந்த ஐந்தை அவர் இடது கையால், தாள் கிழியும்படி அழுத்திப் போட்டிருந்தார்.

கணினி இரண்டு தாள்களையும் சேர்த்துப் பார்த்துச் சிவப்புக் குறி இட்டது. சாக விரும்பும் கணவன், ஏற்பாட்டை முடித்துவிட்ட கணவன். அதே அறையில் எழுந்து ஓட முடியாமல் சாவுக்கு அஞ்சிக் கிடக்கும் மனைவி. நீங்கள் சூமி அவர்களின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பீர்கள்? அந்தப் பயம் வீண் பயமா? பல ஆண்டுகள் நோயாளியைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனவர்கள் ஏதோ ஒரு நாளில் என்ன செய்துவிட்டார்கள் என்பதை நாமும் செய்திகளில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்திருக்கிறோம். சூமி அவர்கள் அணைக்கவில்லை. அது அவர் கடமை. திங்கட்கிழமை காலை வண்டி வரும், புன்னே அம்மாவை நகரத்துப் பராமரிப்பு மருத்துவமனைக்கு மாற்றுவது என்று மாவட்டம் முடிவெடுத்தது. மகனிடம் சொன்னார்கள். அவர் பயந்துபோய்ச் சரி என்றார். கிஹோ அவர்களே, தலை குனியாதீர்கள். தொலைவில் இருக்கும் எந்தப் பிள்ளையும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

ஆனால் சூமி அவர்களுக்கு உறக்கம் வரவில்லை. "பேராசிரியர், நாலுல ஏமாந்த தாள் இதுலயும் ஏமாந்திருக்குமோ? திங்கட்கிழமைக்குள்ள ஒரு தடவை நேர்ல பாத்துடலாமா?" என்று என்னிடம் கேட்டார். சனிக்கிழமை காலை இருவரும் அந்த வீட்டு வாசலில் நின்றோம்.

மூட்டை கட்டியிருந்தது. வாசல் நடையில், ஒரு பூப்போட்ட துணியில், அம்மாவின் உள்ளாடை, சீப்பு, மருந்து, ஒரு போர்வை. தல்சு ஐயா எங்களைப் பார்த்ததும் எழுந்து நிற்கவில்லை. பைன் கொட்டை அரைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமைதானே சொன்னாங்க" என்றார், அடுப்பைப் பார்த்தபடியே.

"வண்டியோட வரலை ஐயா. ஒரு கேள்வி கேக்க வந்தோம்" என்றேன்.

"இன்னும் கேள்வி பாக்கியா? ஏற்கெனவே எழுதினதுக்குத்தான் இவளைத் தூக்கிட்டுப் போறீங்க."

உள்ளே படுத்திருந்த அம்மா, ஒரு பக்கம் கோணிய வாயால், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, "வந்தவங்களை வாசல்லயே நிறுத்தி வெச்சுப் பேசுறாரு பாரு. கிழவரே, உள்ள கூப்பிடுங்க" என்றார்.

உள்ளே போனோம். தாளை எடுத்தேன். எழுதியிருந்ததை எழுதியபடியே படித்தேன்: "'முந்திச் சாவதே நல்லது.' இதுக்கு அஞ்சு போட்டிருக்கீங்க."

"ஆமா. நாலா போடுவாங்க?"

"அது தெரியும் ஐயா. நாலு, அஞ்சு கிடக்கட்டும். முந்திச் சாவுறது நல்லதுன்னா, யாரு முந்தி?"

அவர் கஞ்சிக் கரண்டியைக் கையில் பிடித்தபடி, இது என்ன கேள்வி, இவள் எங்கே படித்தாள் என்பது போல் என்னைப் பார்த்தார்.

"வேற யாரு. இவதான்."

அவையோரே, சூமி அவர்களின் முகம் வெளுத்துவிட்டது. நினைத்ததைவிட மோசமாகப் போகிறதே என்று எனக்கும் பட்டது. முதலில் பேசியது படுக்கையில் இருந்தவர்.

"என்னையா சொல்றீரு?"

"உன்னைத்தான்."

"அறுபது வருஷமா சிப்பிச் சாறு வெச்சு ஊத்தினவளை அனுப்பி வைக்க அம்புட்டு அவசரமா? சந்தையில கருவாடு விக்கிறாளே அந்த விதவை, அவகிட்ட வாக்குக் குடுத்திருக்கீரா?"

"அந்தம்மா என்னைவிட வேகமா நடக்குது. என்னை எதுக்குக் கட்டுது."

"ஓ, நடையெல்லாம் பாத்து வெச்சிருக்கீரு."

"ஏ கிழவி, வெளையாடாத. நான் முந்திப் போயிட்டா உன்னை யாரு புரட்டிப் போடுவா? காசு வாங்கிட்டுப் புரட்டுறவங்களுக்கு உன் எந்தத் தோள் வலிக்கும்னு தெரியுமா? கஞ்சி எந்தப் பக்கத்து வாயில குடுத்தா இறங்கும்னு தெரியுமா? நீ நல்லபடியா முந்திப் போகணும். பின்னாடி எல்லாத்தையும் கழுவி, மூடி வெச்சிட்டு நான் வரணும். இது தப்பா?"

அம்மா என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, எழுதிக்குங்க. இவரு சொல்றதுக்கு எனக்குச் சம்மதம் இல்லை" என்றார்.

நான் அடுத்த தாளை எடுத்தேன். "அம்மா, நீங்க சாவை நினைச்சா பயமா இருக்குன்னு போட்டிருக்கீங்க. யாரோட சாவை நினைச்சு?"

"இந்தக் கிழவரோட சாவைத்தான். என் சாவுக்கு நான் எதுக்குப் பயப்படணும். அது என் வேலை, நான் பாத்துக்குவேன். இவரு சாவை நான் எப்படிப் பாத்துக்குறது, படுத்துக்கிட்டு?"

தாய்மார்களே, பெரியவர்களே, இதைத்தான் நாங்கள் அளக்கப் போனோம். ஒரு தாள் 'சாக விரும்புகிறவர்' என்றது. இன்னொரு தாள் 'சாவுக்கு அஞ்சுகிறவர்' என்றது. இரண்டும் இரு வேறு மனங்கள் என்று கணினி சொன்னது, ஒரே அறையில் இருக்கக் கூடாது என்று மாவட்டம் சொன்னது. ஆனால் அவை இரண்டும் ஒரே பயம். ஒரே பயத்தை இருவர் இரு முனையிலிருந்து தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

ஆனாலும் நான் சந்தேகக்காரி. நெகிழ வைக்கும் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு ஓர் உயிரின் பாதுகாப்பை முடிவுசெய்ய எனக்கு உரிமை கிடையாது. நல்ல மனிதர்களும் களைத்துப்போவார்கள். ஐயாவைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய், சுற்றிவளைக்காமல் கேட்டேன். "அவங்க முந்திப் போகணும்னு சொல்றீங்களே. நீங்களே ஏதாவது செஞ்சு அனுப்பிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. கொடியில் காய்ந்த துணியை மடிக்கத் தொடங்கினார். பாதி மடித்தபின் பேசினார்.

"களைப்பா இருக்கும். கோபம் வரும். ஒரு தடவை கஞ்சிப் பானையைத் தூக்கி எறிஞ்சிருக்கேன். ஒரு நாள் எல்லாத்தையும் விட்டுட்டு ஆத்தங்கரையில போய் உக்காந்துட்டேன், இருட்டுற வரைக்கும். ஆனா வந்துட்டேன்ல. வந்தா இவ கேக்குறா, 'மீன் எங்க?'ன்னு."

"அப்ப நீங்க சாகணும்னு நினைக்கிறீங்களா?"

"நானா? நான் எப்படிச் சாக முடியும்? அவளுக்கு முந்தி நான் போகக் கூடாதுன்னுதானே ரத்தக்கொதிப்பு மாத்திரை முழுங்குறேன். அதுக்குத்தானே சிகரெட்டை விட்டேன். தினமும் தடுப்பணை வரைக்கும் எதுக்கு நடக்கிறேன்னு நினைக்கிறீங்க? அவ போனா மூணு நாள் துக்க வாசல்ல நின்னு, வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் மண்டி போட்டு வணங்கணும்ல. முட்டி மடங்கணும்ல. ஒருத்தருக்குக்கூட உக்காந்துக்கிட்டே வணக்கம் வெச்சேன்னு அவ பேருக்கு ஒரு குறை வரக் கூடாது. அதுக்கு நான் இருக்கணும்மா. நல்லா இருக்கணும்."

கேட்டீர்களா? பேத்னாருவில் உயிர்வாழ இவரைப் போல் உழைத்தவர் யார்? உடம்பை இவரைப் போல் காத்தவர் யார்? கணினியின் கணக்கில் இந்த மாவட்டத்திலேயே சாவை மிகவும் விரும்பிய மனிதர் இவர். என் கண் முன்னே நின்றவரோ, ஒரே ஒரு காரணத்துக்காக, ஒரே ஒருத்திக்காக, வாழ்ந்தே தீர வேண்டும் என்று தடுப்பணை வரை நடக்கிற மனிதர்.

அந்த 'ஏற்பாடுகள்' என்ன என்றும் சூமி அவர்கள் கேட்டார். பெட்டியைத் திறந்து காட்டினார்கள். கடைசிப் பயணத்துக்கு உடுத்தும் இரண்டு சணல் துணிக் கோடிகள். அம்மா கை விழுவதற்கு முன், பன்னிரண்டோடு ஒரு மாதம் கூடி மிகுமாதம் வந்த ஓர் ஆண்டில், நூலில் ஒரு முடிச்சும் விழாமல் தைத்தவை. மிகுமாதத்தில் கோடி தைத்துவைத்தால் ஆயுள் நீளும் என்று நம் வீடுகளில் தைக்காதவர் யார்? அதன் மேல் இருவரின் படங்கள். கடைசி வாசலில் வைக்க எடுத்த படங்கள்தான்; ஆனால் அவற்றை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? நெடுவாழ்வுப் படம். நீடு வாழ வேண்டும் என்று தைத்த துணியும், நீடு வாழ வேண்டும் என்று எடுத்த படமும் கேள்வித்தாளுக்குள் போய், அபாயக் குறியாக வெளியே வந்தன.

அம்மா அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னார், "இவரு படத்துல மொறைக்கிறாரு. இதை வெச்சா வர்றவங்க ஓடிடுவாங்க. இன்னொண்ணு எடுக்கச் சொல்லுங்க."

திங்கட்கிழமை வண்டி வந்தது. ஐயா விடியலிலேயே வாசலில் நின்றிருந்தாராம், மூட்டைக்கு அருகில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். வண்டியின் பின்கதவு திறந்தது. உள்ளேயிருந்து இறங்கியது தூக்குக் கட்டில் அல்ல. தலைப்பக்கம் உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய ஒரு புதுக் கட்டில். அதோடு பகல் நேரத்தில் வந்து உதவ ஒரு பெண்மணி. சூமி அவர்கள் தம் மேலதிகாரிகளிடம் எப்படி வாதாடினார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்ல மாட்டார். வேண்டாம் என்று கை காட்டுகிறார். சரி, நானும் சொல்லவில்லை. அவர் இன்றும் வாரந்தோறும் வந்து இருவரையும் தனித்தனியே கேட்டுவிட்டுத்தான் போகிறார். நம்பிக்கையும் வேண்டும், விசாரிப்பும் வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

அன்று மாலை கிஹோ அவர்கள் தொலைபேசியில் அப்பாவோடு பேசினார். மகன் கேட்டிருக்கிறார், "அப்பா, அடுத்த வசந்தத்துல உங்களுக்குக் கல்யாணம் ஆகி அறுபது வருஷம். மறுபடி கட்டிக்கிறீங்களா?" ஐயாவின் பதில் அவருடைய முறைப்பில்தான் வந்தது: "அவளைக் கேளு. முந்தி அவ சம்மதிக்கட்டும்."

அன்பர்களே, என் பேச்சின் உயிர்நாடிக்கு வந்துவிட்டேன். தலைவர் அவர்களே, கடிகாரத்தைச் சற்றே மறைத்துவைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அளப்பது என் தொழில். அளக்காவிட்டால் யார் தனியே கிடக்கிறார், யார் வாய்விட்டுச் சொல்லாமல் வாடுகிறார் என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தாள் இல்லாவிட்டால் சூமி அவர்கள் அந்தக் கதவைத் தட்டியிருப்பாரா? அந்தக் கட்டில் வந்திருக்குமா? அளக்க வேண்டும். ஆனால் தாளில் ஒரே ஒரு சொல் விடுபட்டிருந்தது. 'யாருடைய' என்ற சொல்.

அது ஏன் விடுபட்டது? மொழிபெயர்த்தவர் சோம்பேறியா? இல்லை. நம் மொழியே அப்படித்தான். நாம் 'நான்' சொல்வதில்லை, 'நீ' சொல்வதில்லை. 'சாப்பிட்டாச்சா' என்கிறோம். 'வலிக்குதா' என்கிறோம். 'வந்து சேர்ந்தாச்சு' என்கிறோம். யார் சாப்பிட்டது, யாருக்கு வலி, யார் வந்தது? கேட்பவருக்குத் தெரியும். கூடவே வாழ்கிறவருக்குத் தெரியும். அறுபது ஆண்டுகள் ஒரே கூரையில் 'நான்' இல்லாமல் பேசிப் பழகிய ஒருவரிடம் போய், 'சாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்று கேட்டால், அவர் தன் சாவையா நினைப்பார்? தன்னை நினைக்க அவருக்கு நேரம் எங்கே இருந்தது?

தாளைத் திருத்தினோம். 'என் சாவு' என்று ஒரு பகுதி, 'எனக்கு வேண்டியவரின் சாவு' என்று ஒரு பகுதி. இதே மன்றத்தில், இதே தரையில் மறுபடி கேட்டோம். முதல் பகுதியை நீங்கள் எப்படி நிரப்பினீர்கள் என்று நான் பார்த்தேன். பேசிக்கொண்டே, பூண்டு உரித்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரியின் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டே நிரப்பினீர்கள். இரண்டாம் பகுதிக்கு வந்தபோது பேனாக்கள் நின்றன. ஹாதோங்காரம்மா, உங்களைத்தான் சொல்கிறேன். கணவரை எப்போதோ வழியனுப்பிவிட்டவர் அவர். தாளைத் திருப்பி என் கையில் கொடுத்தார். "டீச்சரம்மா, எனக்கு இந்தக் கேள்வி முடிஞ்சு போச்சு" என்றார். அதற்கு எந்த எண்ணைப் போடுவது? நான் எதையும் போடவில்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிவைத்தேன்.

சாவைப் பற்றிய மனப்பான்மையை அளக்கப் போனவர்களுக்கு இந்த ஊர் கொடுத்தது சாவின் அளவு அல்ல. யாரை விட்டுப் போக மனமில்லை என்பதன் அளவு. யார் தோள் வலிக்கும், யார் முட்டி மடங்கும், யார் கஞ்சி எந்தப் பக்கம் இறங்கும் என்பதன் அளவு. அந்த அளவுக்கு ஒன்று முதல் ஐந்து போதுமா? போதாது. ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கேட்கும்போது 'யாருடைய' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கேட்கலாம். அவ்வளவுதான் நான் கற்பிக்கும் புள்ளியியல்.

முடிக்கிறேன். தலைவர் கடிகாரத்தைக் காட்டுவதற்கு முன் நானே முடிக்கிறேன். சிப்பி அலசிய கைகளுக்கு நன்றி. பந்தல் நட்ட தோள்களுக்கு நன்றி. கதவு தட்டிய சூமி அவர்களுக்கும், விழா எடுத்த கிஹோ அவர்களுக்கும் நன்றி. நான்கு விரல் நீட்டி எச்சரித்தும், நான் எத்தனை முறை அந்த வார்த்தையைச் சொன்னேன் என்று எண்ணாமல் பொறுத்துக்கொண்ட தலைவருக்குத் தனி நன்றி.

அதோ, குடுவைகளில் கள் ஊற்றிவிட்டார்கள். ஒரே சுரைக்காயை இரண்டாகப் பிளந்து செய்த இரண்டு குடுவைகள். இந்தப் பாதிக்கு அந்தப் பாதி அன்றி வேறு எதுவும் பொருந்தாது. ஐயா ஒன்றை எடுத்து அம்மாவின் இடது பக்கத்து உதட்டருகே கொண்டுபோகிறார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்ன சொல்கிறார் என்று முன்வரிசையில் உள்ளவர்களுக்குக் கேட்டிருக்கும். பின்னால் உள்ளவர்களுக்காக நான் சொல்கிறேன்.

"நீங்க முந்தி" என்கிறார் மணமகள்.

"நீதான் முந்தி" என்கிறார் மணமகன்.

"டீச்சரம்மா, படிச்சவங்க நீங்களே சொல்லுங்க" என்று என்னைக் கேட்கிறார் அம்மா.

நான் சொல்ல மாட்டேன், அம்மா. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல இந்த அவையில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. இது இன்றைக்குத் தீர வேண்டாம். இந்த வசந்தத்தில் தீர வேண்டாம், அடுத்த வசந்தத்திலும் தீர வேண்டாம். நீங்கள் இருவரும் இன்னும் பல காலம், ஒவ்வொரு வேளையும், ஒவ்வொரு குடுவைக்கும், முந்தி யார் பிந்தி யார் என்று சண்டை போட்டுக்கொண்டே இருங்கள். நாங்கள் அதுவரை பசியில் சாகிறோம்.

அனைவருக்கும் வணக்கம்.